நெஞ்சில் ஒட்டும் ஒயர் எதைச் சொல்லும்? ஈசிஜி முதல் ‘குவாண்டம் அனலைசர்’ வரை... எதை நம்பலாம்?

மார்கழி வந்தால் ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து, ராப்பத்து என்று நாள் கணக்கில் கூட்டம்தான். பரமபத வாசல் திறப்புக்காக விடியற்காலைப் பனியில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். மாரடைப்பு அதிகம் வருவதும் காலை நேரத்தில்தான் என்கின்றன ஆய்வுகள்.

அங்கே ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால், “கேஸா இருக்கும், ஒரு சோடா குடிங்க” என்று சொல்ல பக்கத்திலேயே ஆள் இருப்பார்கள். கேஸா, இதயமா என்று தெரிந்துகொள்ள டாக்டர் கேட்கும் முதல் பரிசோதனை ஈசிஜி. உடம்பில் பத்து எலக்ட்ரோடுகளை ஒட்டி, சில நிமிடங்களில் எடுத்து முடித்துவிடலாம்.

இதே மாதிரி “உடம்பில் ஓடும் மின்சாரத்தை அளக்கிறோம்” என்று சொல்லி இன்னொரு மெஷினும் சுற்றுகிறது. கையில் ஒரு உலோகக் கைப்பிடியைக் கொடுப்பார்கள். ஒரு நிமிடம் பிடித்தால் போதும், கல்லீரல், கிட்னி, வைட்டமின், இதயம் எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாக பிரிண்ட் அவுட் வரும். ரெண்டும் ஒன்றா?

ஈசிஜி ஷாக் அடிக்குமா?

அடிக்காது. ஈசிஜி மெஷின் நோயைக் கண்டுபிடிக்க உடம்புக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. இதயம் தானாக உண்டாக்கும் மின்சாரத்தை வெளியிலிருந்து ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான்.

இதயத்தின் வலது மேல் அறையில் சைனஸ் நோடு என்று ஓர் இடம் உண்டு. அங்கே கிளம்பும் மின் அலை கீழே இறங்கிப் பரவப் பரவ, தசைகள் வரிசையாகச் சுருங்குகின்றன. நம் உடம்பில் இருப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர் என்பதால், அந்த அலை தோல் வரை வந்து சேரும். அங்கே வரும்போது அது சுமார் ஒரு மில்லிவோல்ட்தான் இருக்கும். டிவி ரிமோட்டில் போடும் பேட்டரியில் 1,500-ல் ஒரு பங்கு! உலர்ந்த தோல் இந்தச் சின்ன சிக்னலைத் தடுத்துவிடும். அந்தக் குளுகுளு ஜெல்லைத் தடவுவது அதனால்தான்.

பத்து எலக்ட்ரோடுகளில் நான்கு கை, கால்களுக்கு, ஆறு நெஞ்சுக்கு. இவற்றிலிருந்து பன்னிரண்டு கோணங்கள் கிடைக்கும். ராஜகோபுரத்தை அம்மா மண்டபம் சாலையிலிருந்து பார்ப்பதும், உள்ளே உத்தர வீதியிலிருந்து பார்ப்பதும் ஒன்றா? அதுபோல இதயத்தின் ஒரு பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்தால், அந்தப் பக்கத்தைப் பார்க்கும் கோணங்களில் கோடு மாறும். எஸ்-டி என்று அழைக்கப்படும் பகுதி மேலே தூக்கி நின்றால், அது பெரும்பாலும் ஒரு பெரிய குழாய் முழுசாக அடைத்துக்கொண்டதற்கான அடையாளம். மருத்துவர்கள் இதைத்தான் ‘ஸ்டெமி’ என்கிறார்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

நாயும், உப்புத் தண்ணீர் வாளியும்

மனித இதயத்தின் மின்சாரத்தைத் தோல் வழியாக முதலில் பதிவு செய்தவர் லண்டனில் இருந்த அகஸ்டஸ் வாலர். ஆண்டு 1887. தன் செல்ல நாய் ஜிம்மியின் கால்களை உப்புத் தண்ணீரில் வைத்தும் அவர் செய்து காட்டுவார். அதன் பிறகு நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் துல்லியமான கருவியைக் கட்டினார். எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். 1905-ல், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனையிலிருந்து தன் ஆய்வகத்துக்கு டெலிபோன் கம்பி வழியாகவே ஈசிஜியைக் கொண்டுவந்தார் மனுஷன். 1924-ல் நோபல் பரிசு.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

ஐந்தோவனின் அந்த டெலிபோன் வித்தைதான் பெரிய அளவில் இங்கே உயிர் காத்தது. 2012-ல் தொடங்கிய ‘டிஎன்-ஸ்டெமி’ ஆய்வில், ஆம்புலன்ஸிலும் சின்ன மருத்துவமனைகளிலும் எடுத்த ஈசிஜி பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. யாருக்கு உடனே ஊசி, யாரை ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோவது என்று அதை வைத்து முடிவெடுத்தார்கள். கோவையைச் சேர்ந்த டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர் தலைமையிலான இந்த ஆய்வில் 2,420 நோயாளிகள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-ல் முடிவுகள் வெளியாயின.

2023 ஜூனில் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் என மூன்று வகை மருந்துகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஸ்ரீரங்கம் மாதிரி ஊருக்கு இந்த முதல் கட்டம் ரொம்ப முக்கியம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு இது. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போக, பாலத்தைத் தாண்டியே ஆக வேண்டும்.

அப்போ அந்தக் கைப்பிடி மெஷின்?

அது அளப்பது உங்கள் உள்ளங்கையை. மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்தி, தோல் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும். கை வியர்த்தால் தடை குறையும், இறுக்கிப் பிடித்தாலும் குறையும். இந்த அளவீடு பொய்யில்லை. ‘பொய் கண்டுபிடிக்கும் கருவி’யிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உள்ளங்கை வியர்வைக்கு உங்கள் கிட்னி நிலவரம் தெரியாது. குவாண்டம் அனலைசர் வகை மெஷின்களில் வயது, உயரம், எடையை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்பதையும் கவனியுங்கள்.

தோலின் மின்தடையை வைத்து நோய் சொல்லும் முறையை 1950-களில் ஜெர்மனியைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் வோல் தொடங்கினார். அலர்ஜியைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்று இங்கிலாந்தில் முறையாகச் சோதித்தார்கள். அலர்ஜி உள்ள 15 பேர், இல்லாத 15 பேர். யார் எந்தப் பக்கம் என்று பரிசோதிப்பவருக்குத் தெரியாது. 1,500-க்கும் மேற்பட்ட சோதனைகளுக்குப் பிறகும் மெஷினால் இரு தரப்பையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது.

பணம் போனால் போகட்டும். “இதயம் நார்மல்” என்ற அந்த பிரிண்ட் அவுட்டை நம்பி, நெஞ்சு வலியோடு ஒருவர் வீட்டில் படுத்துக்கிடந்தால் என்ன ஆவது?

ஈசிஜி நார்மல் என்றால் தப்பித்தோமா?

அப்படியும் இல்லை. மாரடைப்பு தொடங்கிய ஆரம்பத்தில் ஈசிஜி சாதாரணமாகவே வரலாம். அதனால்தான் சிறிது நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். “ஒரு தடவை எடுத்தாச்சே, எதுக்கு திரும்ப?” என்று சண்டை போட வேண்டாம். பாதி அடைத்த குழாய், சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியில் தெரியாமல் போவதும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறல், வியர்வை, தாடை வலி என்று வரலாம். அப்போதும் 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. பழைய ஈசிஜி இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். கோடு இன்று மாறியதா, முன்பே அப்படித்தான் இருந்ததா என்று ஒப்பிட டாக்டருக்கு அது பெரிய உதவி. பெரும்பாலும் தெர்மல் பேப்பரில் வருவதால் வருடம் ஆக ஆக கோடு மங்கிவிடும். எடுத்த அன்றைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.