கண்ணாடித் தொட்டி வந்த கதை



கடந்த பள்ளி விடுமுறையில் என் இளைய மகன் நான்கடி நீள மீன் தொட்டி ஒன்று வேண்டுமென்று கேட்டான். விலையை எண்ணித் தயங்கியது பாதி உண்மை. மீதிப் பாதி, பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பறையில் நடந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கொண்டுவந்த இரண்டு தங்கமீன்களை, அறிவியல் மூலையில் இருந்த உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் விட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் குடுவையைத் தேய்த்துக் கழுவிக் குழாய் நீரை நிரப்புவேன். ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டும் மிதந்தன. "நான் என்ன தப்பு பண்ணினேன், டீச்சர்?" என்று அவள் அழுதாள். அன்று என்னிடம் பதில் இல்லை. அண்மையில் தொட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் அது கிடைத்தது.

தங்கமீனைச் சீனர்கள் சோங் அரச மரபுக் காலத்திலேயே குளங்களில் வளர்த்தனர். மிங் காலத்தில் பெரிய பீங்கான் தொட்டிகள் வந்தன. ஆயினும் மீனை மேலிருந்துதான் பார்க்க முடிந்தது. பக்கவாட்டில் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருந்தது. 1832-இல் சிசிலித் தீவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண்மணி ழான் வில்பிரே-பவர், ஆர்கோனாட் என்னும் கடலுயிரியை ஆராயக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார்.

அடுத்த கேள்வி, அடைபட்ட நீரில் உயிர் எவ்வாறு நிலைக்கும் என்பது. லண்டனில் ஆன்னா தைன் என்னும் பெண்மணி 1846-இல் பவளங்களை வீட்டில் வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக, திறந்த சன்னலருகே பணிப்பெண் அதனை நாள்தோறும் நெடுநேரம் ஊற்றி ஆற்ற வேண்டியிருந்தது. (நம் ஊர் 'தே தாரேக்' கடைக்காரரை நினைத்துக்கொண்டேன்!)

அதே நகரில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களையும், வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியையும் வைத்தார். செடி உயிர்வளியை வெளியிட்டது. ஆனால் அதன் பழுத்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவர் நீரைக் கொட்டிவிடவில்லை. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன. அவற்றின் முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. நீர் தெளிந்தது. இதனை 1850-இல் வேதியியல் கழகத்தில் எடுத்துரைத்தார். கழுவிக் கொட்டிய என் வெள்ளிக்கிழமைகள் நினைவுக்கு வந்து உறுத்தின.

1853-இல் லண்டன் விலங்குக்காட்சி சாலை பொதுமக்களுக்கான மீன் காட்சியகத்தைத் திறந்தது. மறு ஆண்டு ஃபிலிப் கோஸ் எழுதிய நூல் 'அக்குவாரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. 1845-இல் கண்ணாடி வரி நீங்கியிருந்ததால் நடுத்தரக் குடும்பங்களும் தொட்டி வாங்கின. மோகம் நீடிக்கவில்லை, மீன்கள் மடிய, 1860களின் இறுதியில் அது தணிந்தது. மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகளை வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தது 1890-ஐ ஒட்டித்தான். என் குடுவையில் அந்த நுண்ணுயிரிகள் குடியேறவே நான் விடவில்லை. தேய்த்துக் கழுவினேன், குளோரின் கலந்த நீரை ஊற்றினேன். சிறிதளவு நீரில் நஞ்சு விரைவாகச் சேரும் என்பதையும் அறியாதிருந்தேன்.

அந்த மாணவி இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். தீபாவளிக்கு வீட்டிற்கு வந்தவளிடம், "உன்மேல் தப்பில்லையம்மா, என்மேல்தான்" என்றேன். "இன்னும் அதை நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா, டீச்சர்?" என்று சிரித்தாள்.

பெரிய தொட்டி எளிய வீடுகளுக்கு வந்தது பிற்காலத்தில்தான். முன்பு இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பதித்து மக்குப் பூசுவர். துருவும் கசிவும் ஓயா. 1960களில் சிலிக்கோன் பசை வந்தபின் கண்ணாடியோடு கண்ணாடியையே ஒட்ட முடிந்தது. சிங்கப்பூரில் 1955-இல் திறக்கப்பட்டு 1996-இல் மூடப்பட்ட வான் கிளீஃப் மீன் காட்சியகத்திற்குப் பத்து வயதில் அப்பா என்னை அழைத்துச் சென்றார். அங்கே கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்ற அந்தப் பெண்பிள்ளையின் ஆசைதான் மகனிடமும் வந்திருக்கிறது போலும்.

அவனுக்கோ கெலிசா மீன் வேண்டுமாம்! நம் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரியால் புகழ்பெற்ற மீன் அது. இயற்கையில் அருகிவருவதால் 1975 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் வரை வளரும். நாங்கள் பார்த்த தொட்டியின் அகலமோ 45 சென்டிமீட்டர். அளவுகோலைக் கையில் கொடுத்தேன். அது திரும்ப இடமில்லை என்று அவனே சொல்லிவிட்டான்.

120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். 243 லிட்டர், நீர் மட்டுமே 243 கிலோ. கண்ணாடி, மணல், மேசை எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். எங்களுடையது தரைவீடு என்பதால் துணிந்தோம். அடுக்குமாடியில் இருப்போர் தரையின் தாங்குதிறனைக் கேட்டறிந்து வாங்குங்கள்.

தொட்டி வந்து மூன்று வாரமாகிறது. வடிகட்டி ஓடுகிறது, நாடாச் செடிகள் வேரூன்றுகின்றன, நத்தைகள் நான்கு இருக்கின்றன. மீன் இன்னும் விடவில்லை. நாள்தோறும் பள்ளி முடிந்து வந்ததும் நீரைச் சோதித்து, அம்மோனியா அளவைச் சுவரில் ஒட்டிய தாளில் மகன் எழுதுகிறான்.