‘தவறு’ என்று திரை சொன்னால்... பிள்ளைகளின் முதல் நிரல் பயிற்சி

பொம்மிடியில் இருந்து தருமபுரிக்கும் சேலத்துக்கும் கல்லூரி சென்று வரும் பிள்ளைகளில் கணினிப் பாடம் எடுப்பவர்கள் இன்று கணிசமாக உள்ளனர். ஆர்வத்துடன் சேரும் அவர்களில் சிலர், முதல் பருவம் முடிவதற்குள்ளாகவே “இது எனக்கு வராது” என்று சோர்ந்து விடுகின்றனர். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது வீட்டில் உள்ள நமக்குத் தெரிவதில்லை. மதரஸாவிலும் கலைக் கல்லூரியிலும் படித்த நாமும் அதைக் கேட்டுத்தான் அறிந்தோம்.

பயிற்சி எப்படி நடக்கிறது?

தமிழ்நாடு அரசின் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் 2019-இல் பைத்தான் மொழி சேர்க்கப்பட்டது. கல்லூரிகளிலும் இணையவழிப் பாடங்களிலும் தொடக்க மொழியாகப் பெரும்பாலும் அதுவே கற்பிக்கப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பின் அடிப்படை நிலையிலும் பைத்தான் ஒரு பாடம். என்.பி.டி.இ.எல். தளத்தில் சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடத்திலும் வாரந்தோறும் நிரல் பயிற்சிகள் உண்டு.

இத்தகைய பயிற்சிகளில் மாணவர் எழுதும் நிரலைக் கணினியே ஓட்டிப் பார்த்து, விடை சரியா தவறா என உடனே சொல்லி விடும். சில சோதனைகளை மாணவர் முன்கூட்டியே பார்க்கலாம். சில மறைவாக இருக்கும். இரண்டிலும் தேறினால்தான் முழு மதிப்பெண்.

எங்கே தடுமாறுகிறார்கள்?

இரண்டு எண்களைப் பெற்றுக் கூட்டிச் சொல்லும் நிரலையே எடுத்துக்கொள்வோம். 3, 5 என்று கொடுத்தால் 8 வர வேண்டும். பிள்ளைக்கு 35 வருகிறது. பைத்தானில் ‘இன்புட்’ கட்டளை, தட்டச்சு செய்ததை எண்ணாகக் கொள்ளாமல் எழுத்தாகவே கொள்கிறது. ‘இன்ட்’ கொண்டு அதை எண்ணாக மாற்றாவிட்டால் கூட்டல் நடக்காது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதைத் திருத்தி, அழகாக ‘விடை = 8’ என்று அச்சிட்டால் மீண்டும் ‘தவறு’ என்று வரும். கேட்டது 8 மட்டுமே. கணக்குச் சரியாக இருந்தும், வடிவம் மாறியதால் மதிப்பெண் போய்விடுகிறது.

மூன்றாவது தடை மறைவான சோதனை. வகுத்தல் கணக்கில் எல்லா எண்ணுக்கும் விடை சரியாக வரும். வகுக்கும் எண்ணாகப் பூஜ்ஜியத்தைக் கொடுத்தால் நிரல் நின்றுவிடும். ‘தேறவில்லை’ என்று மட்டுமே திரை காட்டும், காரணத்தைச் சொல்லாது.

மக்தபில் ஓதக் கற்ற நமக்கு, உடனுக்குடன் திருத்தும் இந்த முறை புதிதல்ல. உச்சரிப்பு பிசகினால் உஸ்தாத் அங்கேயே நிறுத்துவார். ஆனால் அவர் நிறுத்துவதோடு விடுவதில்லை. நாவை எங்கே வைக்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுப்பார். திரை நிறுத்துகிறது, காட்டிக் கொடுப்பதில்லை. பிள்ளை மனம் தளர்வது இந்த இடைவெளியில்தான். அதை நிரப்ப ஓர் ஆசிரியரோ மூத்த மாணவரோ தேவை.

இது நம் ஊருக்கு மட்டுமா?

இல்லை. டென்மார்க் ஆய்வாளர்கள் பென்னட்சன், காஸ்பெர்சன் இருவரும் பல நாட்டுக் கல்லூரிகளில் திரட்டிய விவரப்படி, தொடக்க நிரலாக்கப் பாடத்தில் தேறாதவர்கள் 2007-இல் ஏறத்தாழ 33 விழுக்காடு. 2019-இல் 28 விழுக்காடு. ஆகவே முதல் பருவத்தில் தடுமாறும் பிள்ளையை ‘மந்தம்’ என்று முடிவு கட்டுவது அநியாயம்.

நகல் எடுப்பதன் நஷ்டம்

நண்பரின் நிரலை வாட்ஸ்அப்பில் வாங்கி ஒட்டுவது முன்பே இருந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நொடியில் விடை கிடைக்கிறது. வாராந்திர மதிப்பெண் முழுமையாக வந்துவிடும். ஆனால் தேர்வு மையத்தில் தனியே அமரும்போது கை ஓடாது. நகலெடுப்பது நேர்மைக் குறைவு என்பதோடு, பிள்ளை தனக்கே இழைத்துக்கொள்ளும் நஷ்டமுமாகும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

* கைப்பேசித் திரையில் நிரல் எழுதுவது மிகவும் சிரமம். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி பிசகினாலே பிழைதான். மடிக்கணினி இல்லையெனில், கல்லூரி ஆய்வகம் திறந்திருக்கும் நேரத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.
* எழுதிய நிரலைத் தமிழில் வரிவரியாக விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நமக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லிக்கொண்டு வரும்போதே பிழை எங்கே என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.
* கணினிக்குப் போகும் முன் காகிதத்தில் படிப்படியாக எழுதிப் பார்க்கப் பழக்குங்கள். ‘அல்காரிதம்’ எனும் சொல்லே 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரில் இருந்து வந்தது. கணினி இல்லாத காலத்திலேயே கணக்கைத் தீர்க்கும் வழியைப் படிப்படியாக எழுதி வைத்தவர் அவர்.
* மாலை நேரத்தில் பெண் பிள்ளைகளுக்கும் வீட்டு வேலையில் இருந்து ஒரு மணி நேரம் விடுதலை கொடுங்கள். இந்தப் பாடம் படித்து வருவதல்ல, செய்து வருவது.

நம் ஜமாஅத்துகளில் கணினி படித்துப் பணியில் உள்ள இளைஞர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை முதலாண்டு மாணவர்களுடன் அமர்ந்து, திரை சொல்லாத காரணத்தை அவர்கள் சொல்லிக் கொடுத்தால் போதும். இன்ஷா அல்லாஹ், “எனக்கு வராது” என்று சொன்ன பிள்ளைகளே அடுத்த ஆண்டு மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.