சிங்கப்பூர்: குடியேறிகளின் பாதுகாப்புணர்வு

வேலைக்காகச் சிங்கப்பூர் வருபவர்களை முதலில் வியக்கவைப்பது நள்ளிரவுத் தெருதான். பெண்கள் தனியாக நடந்து வீடு திரும்புகிறார்கள். உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலத்தை, சிலர் கைப்பேசியையே, வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகிறார்கள். பேச்சுவழக்கில் இது ‘சோப்’. குற்றம் குறைவு என்பதால் குற்றமே இல்லை என்றாகிவிடாது எனக் காவல்துறை சுவரொட்டிகள் எச்சரிப்பது இந்த மெத்தனத்தைத்தான். எச்சரிக்கை நியாயமானதே: ஆபத்து இப்போது கைப்பேசி வழியாக வருகிறது. 2024இல் மோசடிகளில் பறிபோனது சுமார் 110 கோடி சிங்கப்பூர் வெள்ளி. அதிகாரி எனப் பொய் சொல்லி மிரட்டும் அழைப்பில், ஊர் வழக்கம் இன்னும் பிடிபடாத புதியவர் எளிதில் சிக்குகிறார். வீட்டுக்கு அனுப்பச் சேர்த்த பணம் நிமிடத்தில் போய்விடும். சந்தேகம் வந்தால் அழைக்கவேண்டிய எண் 1799.