டார்வின் வீட்டு அசைவச் செடி

1860-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. சார்லஸ் டார்வினுடைய ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்து ஏழே மாதம். ஒரு பக்கம் பிஷப் வில்பர்போர்ஸ், மறுபக்கம் ஹக்ஸ்லி. இத்தனைக்கும் காரணமான மனிதர் அங்கே இல்லை. தேக அசௌக்கியம். அடுத்த மாதம் அவர் ஸஸெக்ஸில் உள்ள ஹார்ட்பீல்டு கிராமத்துக்கு, மனைவியின் உறவினர் வீட்டுக்குப் போனார். அங்கே ஈரப் பொட்டலில் முளைத்திருந்த ஒரு அற்பச் செடியின் முன் உட்கார்ந்துவிட்டார். உலகம் தம்மைத் திட்டிக் கொண்டிருக்கும்போது ஒருவர் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதனாலேயே எனக்கு அவர்மீது அபிமானம் உண்டு.

செடியின் பெயர் டிரோசெரா. காசளவு வட்ட இலை; இலை முழுக்கச் செந்நிற மயிர்கள்; ஒவ்வொரு மயிர் நுனியிலும் பனித்துளி போல ஒரு பசைத்துளி. இந்த இனம் நம் நீலகிரியிலும் உண்டு. நாட்டு வைத்தியர்களில் சிலர் ‘அழுகண்ணி’ என்று காட்டுவது இந்தக் குடும்பத்துச் செடியைத்தான். டார்வின் கைக்கு வந்த பன்னிரண்டு செடிகளைப் பறித்து எண்ணினார். விரிந்த இலைகள் 56. அவற்றில் 31-ல் பூச்சிப் பிணம். இது தற்செயலாக இருக்குமா?

செடி வீட்டுக்கு வந்தது. அன்று முதல் வீட்டில் அதற்குச் செல்லப்பிள்ளை அந்தஸ்து. செடி ஒரு பிராணிதான் என்று நிரூபிக்காமல் விடமாட்டார் போலிருக்கிறது என்று அவர் மனைவி எம்மா ஒரு சிநேகிதிக்குக் கடிதம் எழுதினாள். அந்த அம்மாள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மனிதர் செடிக்குப் பால் வைத்தார், இறைச்சி வைத்தார், முட்டையின் வெள்ளைக்கருவைச் சிறு கட்டிகளாக நறுக்கி வைத்தார். மயிர்கள் மெல்ல வளைந்து மூடிக்கொண்டன. வெள்ளைக்கருக் கட்டியின் கூர்முனைகள் கரைந்தன. பிறகு கட்டியே கரைந்தது. நம் வயிற்றில் நடக்கிற காரியம்! கண்ணாடித்தூளை வைத்தால் கொஞ்சம் வளைந்து பார்த்துவிட்டு, ஏமாற்று வேலை என்று கண்டு மறுபடி விரிந்துகொண்டது. சர்க்கரைத் தண்ணீரை லட்சியம் செய்யவில்லை. தேயிலை டிகாஷனையும் தொடவில்லை. இங்கிலீஷ்காரர் வீட்டில் வளர்ந்தும் இப்படி!

நம் நாட்டுச் சரக்கு ஒன்றும் அந்த இலைக்குப் போயிற்று. கல்கத்தாவில் நல்லபாம்பு விஷத்தை ஆராய்ந்தவர் டாக்டர் ஃபேரர். அவர் கொடுத்த உலர்ந்த விஷத்தை டார்வின் கரைத்துச் செடிக்குக் கொடுத்தார். செடி சாகவில்லை. முன்னிலும் சுறுசுறுப்பாக மயிரை வளைத்தது!

செடி மாமிசம் தின்னும் என்பதை அறிஞர்கள் லேசில் ஒப்பவில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவின் கவர்னராயிருந்த ஆர்தர் டாப்ஸ், ஈயைப் பிடிக்கும் ஒரு செடியைப் பற்றி 1759-லேயே லண்டனுக்கு எழுதினார். அதுதான் வீனஸ் ஈப்பொறி. பத்து வருஷங்கள் கழித்து ஜான் எல்லிஸ் என்ற வர்த்தகர், இது பூச்சியைத் தின்கிறது என்று மகா பண்டிதர் லின்னேயஸுக்கு எழுதினார். பண்டிதர் சிரத்தையாகப் படித்தார், நம்பத்தான் இல்லை. பூச்சி ஆட்டம் அடங்கியதும் இலை திறந்து அதை விட்டுவிடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரியவர் வாக்கு! நூறு வருஷம் நின்றது.

டார்வின் பதினைந்து வருஷம் பொறுத்து, 1875-ல் புத்தகத்தை வெளியிட்டார். அதில் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில் வசித்த மேரி ட்ரீட் என்ற அம்மாளின் அனுபவமும் இருக்கிறது. அவள் வீட்டில் ஈப்பொறிச் செடிகளை வளர்த்தவள். சில இலைகள் அடுத்தடுத்து மூன்று பூச்சிகளைப் பிடித்தன. பெரும்பாலானவை மூன்றாவதைச் செரிக்கமுடியாமல் மடிந்தன. ஐந்து இலைகள் மட்டும் மூன்றையும் முடித்து, நாலாவதையும் மூடிக்கொண்டு செத்தன. இன்று இந்தச் செடியைத் தொட்டியில் வாங்கி, வந்த விருந்தாளிக்கெல்லாம் இலையைக் குத்தி வேடிக்கை காட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எரு போட்டாலும் அதற்கு ஆகாது. மழைத் தண்ணீரும் சத்தில்லாத மண்ணுமே போதும். கரோலினாச் சதுப்புகளில் திருட்டு மிஞ்சிப்போய், 2014-ல் அதைப் பிடுங்குவதைக் கடுங்குற்றமாக்கிச் சட்டம் போடவேண்டி வந்தது.

புத்தகம் வந்தும் ஒரு கேள்வி மிச்சம். செடி தின்கிறது, சரி. தின்பதால் அதற்கு என்ன லாபம்? ஊட்டி வளர்த்தால் இலை அழுகத்தான் செய்கிறது என்றனர் சிலர். டார்வினிடம் இதற்குத் தக்க விடை இல்லை.

விடை மகனிடமிருந்து வந்தது. பிரான்ஸிஸ் டார்வினின் மனைவி 1876 செப்டம்பரில், பிரசவித்துச் சில நாட்களுக்குள் இறந்துபோனாள். கைக்குழந்தையோடு அவர் தகப்பனார் வீட்டுக்கே திரும்பி, அவருக்கு உதவியாளராக இருந்தார். அடுத்த ஜூனில் சுமார் 200 டிரோசெராச் செடிகளைக் கொண்டுவந்து, பாசியோடு ஆறு சூப்புத் தட்டுகளில் நட்டார். ஒவ்வொரு தட்டின் குறுக்கேயும் தடுப்பு. மேலே பூச்சி நுழையாதபடி மெல்லிய துணி. ஒரு பாதிக்குச் சில நாட்களுக்கு ஒரு தரம், கடுகளவுகூட இல்லாத வறுத்த இறைச்சித் துணுக்கு, மறுபாதிக்குப் பட்டினி. கோடை முழுவதும் இதே வேலை.

பருவம் முடிந்ததும் எண்ணினார், நிறுத்தார். பட்டினிச் செடிகளின் விதை எடையை 100 என்று வைத்தால், தின்ற செடிகளின் விதை 380. அதுவரை எல்லாரும் இலையின் தளதளப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செடியோ தின்றதையெல்லாம் விதைக்குச் சேர்த்துவைத்திருந்தது. 1878 ஜனவரியில் பிரான்ஸிஸின் கட்டுரை லண்டனில் லின்னேயஸ் பெயரால் அமைந்த சங்கத்திலேயே படிக்கப்பட்டது. கிழவர் டார்வின் அப்போது உயிரோடிருந்தார்.