சுவர் வரும்வரை

ஒருவர் ஓரடி வைக்கிறார். இன்னோர் அடி. மூன்றாவது அடி வைத்ததும் எதிரே சுவர், நின்றுவிடுகிறார். அவருக்கு இட்ட கட்டளை ‘மூன்று அடி நட’ என்பதா, ‘சுவர் வரும்வரை நட’ என்பதா? பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நிரல் ஓடுவதைப் பார்த்து அந்த நிரலையே மீட்டெடுக்க முயன்ற ஆராய்ச்சிகளின் மொத்த வரலாறும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகிறது.

1967-ல் மார்க் கோல்ட் இதன் எல்லையைக் கணிதமாக எழுதினார். உதாரணங்கள் வர வர, கற்பவர் தன் ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகிறார். ஒரு கட்டத்தில் சரியான விடைக்கு வந்து அதிலேயே நிலைத்தும் விடலாம். ஆனால் வந்து சேர்ந்துவிட்டோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. எனக்கு இது கொஞ்சம் பயமான முடிவு.

ஆலன் பியர்மன் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 1972-ல் டூரிங் இயந்திரங்களை அவற்றின் ஓட்டத் தடங்களிலிருந்து மீட்கும் வழியைச் சொன்னார். தடத்தில் ஒரே மாதிரி தெரிகிற இரண்டு கணங்களை ஒரே கட்டளையின் இரண்டு சுற்றுகள் என்றே முதலில் எடுத்துக்கொள். முரண் வந்தால் பின்வாங்கிப் பிரி. கடைசியில், தடத்துக்குப் பொருந்துவதிலேயே மிகச் சிறிய நிரலைக் கொடு. 1976-ல் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், திரையில் ஒளிப்பேனாவால் கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும், நிரலை இயந்திரமே எழுதிக்கொள்ளும்.

ஏன் சிறியது? தடத்தை அப்படியே நகலெடுத்தாலும் அது ஒரு நிரல்தான். ஆனால் நேற்று நடந்ததைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. சுருங்கச் சொல்லு என்று நெருக்கினால்தான் சுழல் பிறக்கும், புதிய உள்ளீட்டுக்கும் பதில் வரும். ஆனால் அதுவும் ஒரு பந்தயம்தான், நிரூபணம் இல்லை.

அந்தப் பந்தயம் 2013-ல் எக்செலுக்குள் வந்தது. சுமித் குல்வானியின் ஆய்விலிருந்து பிறந்த ஃப்ளாஷ் ஃபில் வசதி அது. ‘முத்து குமார்’ பக்கத்தில் ‘குமார்’ என்று அடித்தால், மீதிப் பெயர்களை அதுவே பிரித்துத் தரும். நீங்கள் கேட்டது இரண்டாவது சொல்லையா, கடைசிச் சொல்லையா? மூன்று சொல் பெயர் ஒன்று வரும்வரை இரண்டும் ஒன்றுதான். அதனால் பொருந்துகிற பல நிரல்களை வரிசைப்படுத்தி, மனிதர் நினைத்திருக்கக்கூடியதை அது ஊகிக்கிறது.

இன்று மொழி மாதிரிகள் எழுதும் நிரல்களை நாங்கள் டெஸ்ட் போட்டுச் சரிபார்க்கிறோம். டெஸ்டும் உதாரணங்கள்தானே? எல்லாம் பாஸ் ஆனாலும், பொருந்துகிற நிரல்களில் ஒன்று கிடைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பத்து டெஸ்ட் ஒரே மாதிரி எழுதுவதைவிட, இரண்டு ஊகங்களைப் பிரித்துக் காட்டுகிற ஒரே ஒரு டெஸ்ட் மேல். சுவரை ஓரடி தள்ளி வைத்துவிட்டு, மறுபடி நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.