கருக்குழாயின் விலை

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமையும் ஒவ்வாத மணவாழ்விலிருந்து விலகும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தக் காலகட்டத்தில்தான் பெரியார் கர்ப்பத்தடை பற்றியும் எழுதிவந்தார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்தையும் குடும்பத்தின் வறுமையையும் காரணமாகச் சொன்னபோது, பெண் விடுதலைதான் தன் காரணம் என்றார் அவர். வகுப்பில் அந்தக் கட்டுரையை நடத்தும்போதெல்லாம் நான் இந்த வேறுபாட்டை விட்டு நகர்வதில்லை. எதற்காக என்பது மாறினால், யார் முடிவு செய்வது என்பதும் மாறிவிடுகிறது.

மாறியது. 1956இல் சென்னை மாநில அரசு, குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவில் இதற்கு முன்னோடி நாம்தான். பிறகு ஆள் பிடித்து வருபவருக்கும் ஒரு தொகை கிடைத்தது. கூலி போன நாட்களுக்கு ஈடு என்றது அரசு. அடுப்பு எரியாத வீட்டில் அதன் பெயர் ஈடு அல்ல.

நாடுகளுக்கும் இதே கணக்குதான். அறுபதுகளின் பஞ்சத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சன் இந்தியாவுக்குக் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து அனுப்பினார். வேளாண்மையிலும் மக்கள்தொகையிலும் தில்லி தன் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது அதன் உட்பொருள். அந்தப் பாடத்தைத் தில்லி மாநிலங்களுக்கு நடத்தியது. 1976இன் மக்கள்தொகைக் கொள்கை, மாநிலங்களுக்கான மத்திய உதவியில் 8 சதவீதத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனையோடு முடிச்சுப்போட்டது. பிறப்பைக் குறைக்கும் மாநிலம் நாடாளுமன்ற இடங்களை இழந்துவிடக் கூடாது என்று தொகுதி எண்ணிக்கையையும் அதே ஆண்டு உறையவைத்தார்கள். 1967இல் 41இலிருந்து 39 ஆகியிருந்த நம் இடங்கள் அப்படியே நின்றன.

நெருக்கடிநிலையின் 1976-77இல் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். முக்கால்வாசிப் பேர் ஆண்கள். வட மாநிலங்களில் அந்தக் கோபம் 1977 தேர்தலில் வெடித்து ஆட்சியைக் கவிழ்த்தது. தண்டனையைக் கண்டு பயப்படுவது மக்கள் மட்டுமல்ல, அரசும்தான். ஆணின் உடலைத் தொட்டால் வாக்கு போகும் என்று அது கற்றுக்கொண்டது. பெண்ணைத் தொட்டால் எதுவும் போகாது என்பதையும் கூடவே கற்றது. அதன்பின் இந்தத் திட்டம் ஏறக்குறைய முழுவதும் பெண்களின் வயிற்றின் மேல்தான் நடந்தது. தமிழ்நாட்டில் இன்று திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் "ஆபரேஷன்" செய்துகொண்டவர்கள். ஆண்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பணத்துக்காகவே எல்லோரும் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. போதும் என்று தானே முடிவெடுத்தவர்கள் ஏராளம். ஆனால் கணவனும் செய்துகொள்ளலாம் என்ற பேச்சே பெரும்பாலான வீடுகளில் எழவில்லை.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்று இந்தக் கரை நெடுகவும், இதைவிடக் கொடூரமாக நாகப்பட்டினத்திலும் அலை ஆட்களை வாரிக்கொண்டு போனது. இறந்தவர்களில் குழந்தைகள் அதிகம். இரண்டு பெற்று ஆபரேஷன் முடித்திருந்த தாய்மார்கள் பலர் ஒரே காலையில் பிள்ளையற்றவர்கள் ஆனார்கள். வெட்டிய கருக்குழாயை மீண்டும் இணைத்துக்கொள்ள அரசு இலவசமாக ஏற்பாடு செய்தது. தனியார் மருத்துவமனை என்றால் 25,000 ரூபாய் வரை கொடுத்தது. வரவேற்க வேண்டிய உதவிதான். இணைத்தாலும் கரு தங்கும் என்று உறுதியில்லை. வயது, மிச்சமிருக்கும் குழாயின் நீளம் எல்லாம் பார்க்க வேண்டும். அழுது முடிக்காத உடம்பு மறுபடி மேசையில் ஏறியது. மூடவும் ஒரு தொகை, திறக்கவும் ஒரு தொகை. நடுவில் அவள் துக்கத்துக்கு எத்தனை நாள் என்று எந்த ஆணையும் சொல்லவில்லை.

உறைந்திருந்த தொகுதிக் கணக்கின் கெடு 2026. பிறப்பைக் குறைத்த மாநிலம் பலம் இழக்கும் என்ற அச்சம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் 2025 மார்ச்சில் முதலமைச்சர் புதுமணத் தம்பதியரை உடனே குழந்தை பெற்றுக்கொள்ளக் கேட்டுக்கொண்டபோது, மறுபடியும் அந்த வயிறுதான் கணக்கில் வந்தது. 1992இல் தொடங்கிய பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம் இன்னும் நடக்கிறது. ஒரே மகள் என்றால் 50,000 ரூபாய், இருவர் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்புநிதி. ஆண் குழந்தை இருக்கக் கூடாது. விண்ணப்பத்தோடு பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட சான்றிதழையும் இணைக்க வேண்டும்.