எண்சுவடியும் பெருக்கல் வாய்பாடும்

"ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று தடையின்றி ஒப்புவித்த மாணாக்கன் ஒருவனிடம், வரிசைக்கு எட்டாக ஏழு வரிசையில் நட்ட தென்னங்கன்றுகள் எத்தனை என்று வினவினேன். அவன் சிறிது மயங்கி, "கூட்டுவதா, பெருக்குவதா, ஐயா?" என்று என்னையே கேட்டான். வாய்பாடு அவன் நாவில் இருந்தது. பெருக்கல் அவன் கருத்தில் இல்லை. இக்குறைக்கு மனனமே காரணம் என்றும், அதற்கு வித்திட்டவை பழைய திண்ணைப் பள்ளிகளே என்றும் கூறுவார் உளர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை வரலாற்று வாயிலாக ஆராய்வோம்.

சென்னை மாகாண ஆளுநர் சர் தோமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் நாட்டுப் பள்ளிகளைக் குறித்து விசாரணை நடத்தப் பணித்தார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி, பல மொழிகள் வழங்கிய அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி எனலாம். அவற்றுள் தமிழ்ப் பிள்ளைகள் பயின்ற திண்ணைப் பள்ளிகளில் கணக்குக்கு அடிப்படையாய் அமைந்தது எண்சுவடி. யாழ்ப்பாணத்தும் திண்ணைப் பள்ளிகளே பழைய கல்விநிலையங்களாய் விளங்கின.

மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன், பின்னர் ஏட்டில் எழுதவும், சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல உரத்த குரலில் ஒப்புவிக்கவும் கற்றான். முழுவெண் வாய்பாட்டோடு பின்ன வாய்பாடும் எண்சுவடியில் இடம்பெற்றது. சில சுவடிகளில் ஒவ்வொரு வாய்பாட்டின் இறுதியிலும் பெருக்கங்களின் கூட்டுத்தொகை வரும். ஒன்று முதல் பத்து வரையுள்ள ஏழாம் வாய்பாட்டைக் கூட்டினால் 385 ஆகும். இத்தொகை நினைவிலிருப்பின், இடையே நேர்ந்த பிழையைப் பிள்ளை தானே கண்டுகொள்ளலாம்.

பின்னங்களின் பெயர்களே பெருக்கலை உணர்த்துவன. காலில் அரை அரைக்கால், அதாவது 1/8. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இவ்விரண்டும் சேர்ந்தது மாகாணி, அது 1/16. காலைக் காலாற் பெருக்கினும் அதுவே விடை. ஆகவே இப்பெயர்களை ஓதிய பிள்ளைக்குச் சொல்லும் கணக்கும் ஒருங்கே வாய்த்தன.

இம்மனனம் பயனற்ற சுமையன்று. நெல்லை மரக்காலாலும் படியாலும் அளக்கவும், கூலியைப் பகிரவும், நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் குழிக்கணக்குக் காணவும் அது வேண்டியிருந்தது. நிலக்கணக்குக்கென்றே குழிமாற்று என்னும் வாய்பாடும் இருந்தது. காலையில் ஓதியதை மாலையில் களத்திலும் கடையிலும் கண்டான் சிறுவன். ஆயினும் அக்காலத்தைக் குறையற்றதெனப் போற்றுதல் நடுநிலையன்று. பிரம்படி மிகுதி, பெண்மக்கள் மிகச் சிலரே பயின்றனர், ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திண்ணையில் இடம் கிடைத்தல் அரிது.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. ஆங்கில முறைக் கணிதமும் அச்சுநூல்களும் பரவின. 1872ஆம் ஆண்டில் இலங்கை நூறு சதம் கொண்ட ரூபாவை ஏற்றபின், சிலிங்கும் பென்சும் வழக்கொழிந்தன. நாளடைவில் மாவும் காணியும் பாடசாலைக் கணக்கினின்று மறைந்தன. ஆனால் பன்னிரண்டாம் வாய்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங் என்ற வழக்கு ஆங்கிலேயருக்கு அவ்வாய்பாட்டை இன்றியமையாததாக்கியது. சிலிங் போன பின்னரும், காரணம் அறியாமலே நம் பிள்ளைகள் அதனை ஓதினர்.

இதனால் நாம் அறிவது யாது? மனனம் குற்றமன்று, பயனினின்று பிரிந்த மனனமே குற்றம். திண்ணை ஆசிரியர் வாய்பாட்டுக்கு விளக்கம் கூறாது விட்டிருக்கலாம். அவ்விளக்கத்தை ஊர்வாழ்க்கை கொடுத்தது. இன்று அளவுகோலும் தராசும் பிள்ளைகள் கையை விட்டு நீங்கிய நிலையில், அக்கடமை முழுவதும் ஆசிரியர்பால் வந்து சேர்ந்துள்ளது. வாய்பாட்டைக் கைவிடவும் வேண்டா. அதனை மட்டும் நம்பவும் வேண்டா. முதலில் கன்றுகளை வரிசையாய் அடுக்கிக் காட்டுவோம். பின்னர் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஓதச் செய்வோம். அப்பொழுது, கூட்டுவதா பெருக்குவதா என்னும் வினாவுக்குப் பிள்ளையே விடை காண்பான்.